கழுவாத காலோடு வந்த லூர்தம்மாள்

லூர்தம்மாள் இறந்துவிட்ட செய்தி, சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய மருமகள் ஜெயா தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சரம்மா, அத்தை போயிருச்சுங்க" என்றாள். பிறகு அழுகைக்கு நடுவே, "உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லோணும்னு அத்தை சொல்லி வெச்சிருந்துச்சுங்க. சாமியாருக்கே இனிமேத்தானுங்க சொல்லப்போறேன்" என்றாள். மிக்சியை நிறுத்திவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எழுபத்தெட்டு வயதில் மரணச் செய்திகள் எனக்குப் புதிதல்ல. முதலில் சொல்லப்பட வேண்டியவளாக ஒரு வீட்டில் நான் இருந்திருக்கிறேன் என்பது புதிது.

அடக்கம் முடிந்த மறுவாரம் பங்குத்தந்தை என்னிடம், "நம் கோயிலின் பங்கு மடலுக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள்" என்றார். ஏன் என்னிடம் கேட்டார் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். படித்து முடிக்கும்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களில் பலர் லூர்தம்மாளை முகத்தால் அறிவீர்கள். காலை ஆறரை மணிக்குத் தள்ளுவண்டியோடும் சீமாறோடும் நம் தெருக்களில் வந்த தூய்மைப் பணியாளர் அவர். பெற்றோர் தாராபுரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்றதும், மாலை மாற்றியதும், கணவரை அடக்கம் செய்ததும் நம் கோயிலில்தான்.

அவர் சாதுவானவர் என்று எழுதினால், இறந்தவரைப் பற்றிப் பொய் சொன்ன பாவம் எனக்கு வரும். வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கியிருப்பார். அதைத் தாண்டி வரும் சொற்கள் எப்போதும் கோயிலுக்கு உகந்தவையாக இருக்காது. எங்கள் தெருவில் ஓர் எஞ்சினியர் வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் கலந்தே போடுவார்கள். ஒரு நாள் லூர்தம்மாள் அந்தப் பையை அவர்கள் வாசலிலேயே கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது பழத்தொலிங்க. இது மருந்து பாட்டலுங்க. இது உங்க ஊட்டுக் கொழந்தையோட துணிங்க. இன்னும் என்னென்ன இருக்குதுன்னு சத்தமாச் சொல்லட்டுங்களா?" என்றார். அந்த அம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். என் வீட்டுக் குப்பையைப் பற்றி மட்டும் லூர்தம்மாளுக்குப் புகார் இல்லை. "டீச்சரூட்டுக் குப்பைகூடப் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க மாதிரி வரிசையா நிக்குமுங்க" என்பார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தப் பெரிய வியாழக்கிழமைக்கு வருகிறேன்; ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் நாள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று அனுமதி வந்தபின் நம் பங்கில் அது முதல் ஆண்டு. பாதம் கழுவுதலுக்குப் பன்னிரண்டு பேரைத் தயார் செய்யும் பொறுப்பு வெகுகாலமாக என்னுடையது. நகம் வெட்ட வேண்டும், கொலுசைக் கழற்ற வேண்டும், பித்தவெடிப்பு இருந்தால் ஒரு வாரம் முன்பே களிம்பு போட வேண்டும், புறப்படும் முன் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். காலையில் வரிசையில் நிற்கவைத்து எங்கள் நகங்களைப் பார்த்த கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள் நான். ஒவ்வொருவர் காலையும் பார்த்த பிறகே நாற்காலியில் உட்கார விடுவேன். சாமியார் ஊற்றும் தண்ணீர் தாம்பாளத்தில் விழுந்த பிறகும் தெளிவாகவே இருக்கும். அதில் எனக்குப் பெருமை.

அந்த ஆண்டு பட்டியலில் லூர்தம்மாளின் பெயரைச் சேர்த்தவர் அப்போதைய பங்குத்தந்தை. பதினொரு பேர் பீடத்துக்குப் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள். பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லூர்தம்மாள் ஓடி வந்தார். கணுக்கால் வரை கறுப்புச் சேறு.

"என்ன இது?" என்றேன்.

"தோத்திரமுங்க டீச்சரம்மா. மத்தியானம் பேஞ்ச மழைக்குச் சுங்கத்துப் பக்கம் சாக்கடை பொங்கிப்போட்டுதுங்க. மேஸ்திரி உடுல. பூசைக்கு நேரமாயிருமேன்னு அப்பிடியே ஓடியாரேன்."

"இந்தக் காலோடயா பீடத்துக்கு வருவே?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மற்ற பதினொரு பேரின் கால்களையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சரம்மா, கழுவறதுக்குத்தானுங்க வரச் சொன்னீங்க? கழுவுன காலைக் கழுவறதுக்குச் சாமியார் எதுக்குங்க?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. "இது பீடம். நீ வேலை பாக்கற எடமில்லை. போயிட்டு அடுத்த வருசம் வா" என்றேன். முன்வரிசையில் இருந்த என் தோழி ஒருத்தியை அழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். லூர்தம்மாள் வந்த வழியே போய்விட்டார்.

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, பத்தடி தூரத்தில், செடிகளுக்குத் தண்ணீர் விடும் குழாய் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. நான் அதைக் காட்டவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சேற்றைப் பார்ப்பதற்கு முன்பே, அது யாருடைய கால் என்று பார்த்துவிட்டிருந்தேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். நீங்களும் குழாயைக் காட்டவில்லை. ஆனால் பட்டியல் என்னுடையது.

அதன்பின் லூர்தம்மாள் நம் கோயிலுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வேறு கோயிலுக்குப் போனார். தெருவுக்கு மட்டும் எப்போதும்போல் வந்தார். என் வாசலை மற்ற வாசல்களைவிடச் சுத்தமாகக் கூட்டினார். தினமும் "தோத்திரமுங்க" என்றார். அந்த ஒரு சொல்லோடு போய்விடுவார். நின்று என் குப்பையைக் கேலி பேசுவது நின்றுபோனது.

சாமியாரிடம் பாவம் சொல்லும் ஒப்புரவுக்குப் போகாமல் நான் இருந்ததில்லை. "ஒருவரிடம் பொறுமையில்லாமல் பேசினேன்" என்று நான்கு ஆண்டுகள் சொன்னேன். அருள் நிறைந்த மரியே மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்கள்; சொன்னேன். இப்போதைய பங்குத்தந்தை வந்த புதிதில் அதையே அவரிடமும் சொன்னேன். அவர், "யாரிடம்? என்ன பேசினீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. குழாய் வரை சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மந்திரம் ஒன்றும் கொடுக்கவில்லை. அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய் வாருங்கள் என்றார். அதுவே எனக்கு அபராதம்.

உக்கடம் பக்கம் ஹவுசிங் யூனிட்டில் இரண்டாவது மாடி. லூர்தம்மாள் பேத்திக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"காப்பி வெக்கிலீங்க. வெச்சு, நீங்க குடிக்காமப் போனா எனக்குக் கோவம் வரும். அப்புறம் அதுக்கொருக்கா நான் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணோணும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சாமியார் அனுப்புனாருங்களா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமா."

"அபராதமுங்களா?"

"ஆமா."

"அப்ப வந்துட்டீங்க, தீந்துபோச்சுங்க. படி பாத்து எறங்குங்க, கீழிருந்து ரெண்டாவது ஒடைஞ்சு கெடக்குது."

பார்த்துத்தான் இறங்கினேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை என்பது ஆட்டோ சுங்கம் தாண்டிய பிறகே உறைத்தது. சாமியார் போய் வரச் சொன்னார், போய் வந்துவிட்டேன். கணக்கு ஆசிரியையாக இருந்தவளுக்கு விடை சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்தவள், வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு, என் வீட்டில் வேலை செய்யும் பழனியம்மாள் ஆனைமலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மகன் கனடாவில் இருக்கிறான். கணவர் இறந்து அப்போதே பல ஆண்டுகள். விடியற்காலையில் குளியலறைக்குப் போகும்போது நடைவழியில் விழுந்தேன். இடுப்பு எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன். எழ முடியவில்லை. அடக்கவும் முடியவில்லை. எப்படிக் கிடந்தேன் என்று நான் எழுத வேண்டியதில்லை. அப்படியே இரண்டு மணி நேரம் கிடந்தேன்.

பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கேட்டில் தொங்குவதைப் பார்த்தவர் லூர்தம்மாள். "ஏனுங்க, டீச்சரம்மா!" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து, பழைய தாழ்ப்பாளைத் தோளால் இடித்துத் திறந்தார். அவரைக் கண்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "உள்ள வராதே."

அவர் வாசல்படியிலேயே நின்றார். "எந்த வாசல்லதானுங்க என்னைய உடுவீங்க?" என்றார்.

"அசிங்கமாக் கெடக்கறேன், லூர்து. வேற யாரையாவது கூப்புடு."

"கழுவுனாப் போறதெல்லாம் அசிங்கமாங்க? சித்த சும்மா இருங்க."

ஆம்புலன்சுக்குச் சொன்னார். கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்தார். "அந்தப் பசங்க வாரதுக்குள்ள உங்களைத் திரும்ப டீச்சரம்மாவா ஆக்கிப்போடறேன்" என்றார். இடுப்பை அசைக்காமல், துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கூச்சமா இருந்தா மந்திரம் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன். நான் சொன்னாத் தப்புத் தப்பா வருமுங்க" என்றார். சொல்லியும் விட்டார். பரலோக மந்திரத்தில் தொடங்கி, பாதி வழியில் அருள் நிறைந்த மந்திரத்துக்குள் போய்விட்டார். என்னால் பொறுக்க முடியாமல் திருத்தினேன். "அப்பிடி வாங்க வழிக்கு" என்று சிரித்தார். வேண்டுமென்றே தவறாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாற்றுப் புடவையைப் போர்த்திவிட்டபோது சொன்னேன். "அன்னிக்கு வெளிய குழாய் இருந்துச்சு, லூர்து. எனக்குத் தெரியும். நான் காட்டலை. என்னை மன்னிச்சிரு."

அவர் துணியைப் பிழிந்தபடியே சொன்னார்: "எனக்கும் தெரியுமுங்க. அந்தக் கொழாயில எத்தனை நாள் தண்ணி குடிச்சிருக்கறேன்! போய்க் கழுவிப்போட்டு வந்து நின்னிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? ஒண்ணும் சொல்ல முடியாது. நாந்தான் போவுல. எனக்கும் ரோசமுங்க. ஊட்டுக்கு வந்தப்பவும் உங்களை வாய் தொறக்க உடாம அனுப்பிச்சனே, அதுவும் ரோசந்தான்."

பிழிந்த துணியை உதறி மடித்தார்.

"நாம ரெண்டு பேரும் ரோசத்துல நின்னமுங்க. அவரு தண்ணிச் சொம்போட நின்னுட்டே இருந்தாரு."

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆண்டவர் தம் இரத்தத்தால் நம்மைக் கழுவினார் என்று சொல்லிக்கொடுத்து, அதிலிருந்து கேள்வியும் கேட்டு, மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் அவர் முன்னால் எப்போதும் நானே கழுவிக்கொண்ட பிறகுதான் போய் நின்றேன். அவர் கழுவுவதற்கு நான் எதையும் மிச்சம் வைத்ததில்லை. தம் காலை ஆண்டவர் கழுவ வேண்டாம் என்று சீடர் இராயப்பர் மறுத்ததைப் பணிவு என்றே பாடம் நடத்தியிருக்கிறேன். அவருடைய கூச்சத்தில் எவ்வளவு கர்வம் இருந்திருக்கும் என்பது நடைவழியில் கிடந்தபோதுதான் தெரிந்தது. அழுக்கோடு கிடக்கும்போது ஒருவர் வந்து கழுவ, அதற்கு உடன்பட்டுக் கிடப்பதைவிடக் கடினமான வேலை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை. அன்று என்னிடமிருந்து போனவற்றில் உடம்பின் அழுக்கு சிறிது.

அந்த ஆண்டு ஈஸ்டர் பாஸ்கா திருவிழாவுக்கு லூர்தம்மாள் நம் கோயிலுக்குத் திரும்பினார். நான் வாக்கரோடு வந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, சுருதி சேராமல், எல்லோரையும்விட உரக்கப் பாடினார். மெதுவாகப் பாடும்படி சொன்னேன். "சாமிக்குக் கேக்கோணுமில்லீங்க" என்றார். கடைசி ஞாயிறு வரை அப்படியே பாடினார். கடைசி ஞாயிறு வரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று கல்லறையில், ஜெயா என் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்று கைப்பிடி மண் போட்டேன். அதற்கு முன் அவர் நெற்றியில் முத்தமிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது பழனியம்மாள் பின்வாசலில் காத்திருந்தாள். நாங்கள் நான்கு தலைமுறையாக வேதக்காரர்கள். ஆனாலும் துக்க வீட்டுக்குப் போனால் தலைக்கு ஊற்றாமல் உள்ளே வந்ததில்லை. என் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றும் அப்படித்தான்.

"தண்ணி வெளாவி வெச்சிருக்கறனுங்கம்மா" என்றாள்.

"வேண்டாம்."

"தொட்டுப்போட்டு வந்திருக்கறீங்களேம்மா?"

"ஆமா, தொட்டேன்" என்றேன். முன்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே நுழைந்தேன். கையிலிருந்த மண்ணை மட்டும் கழுவிக்கொண்டு சோறு போடச் சொன்னேன். பழனியம்மாள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டை எடுத்தாள்.

லூர்தம்மாளுடையது என்று சொல்ல என்னிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் "நீ" என்று அழைத்தவரை இந்தப் பக்கங்களில் "அவர்" என்று எழுதியிருக்கிறேன். அது அவருக்குக் கேட்காது. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: என்னைக் கழுவ இன்னொருவர் வரவேண்டியிருந்தது என்ற நினைவு. அதை வைத்துக்கொண்டு வரும் ஞாயிறும் நன்மை வாங்க வரிசையில் நிற்பேன்.