ஜோடி இல்லாத ஆபரேட்டர் அக்கா

வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி டெலிபோன் பலகையின் முன்னால் உட்கார்ந்து, யார் யாரையோ யார் யாருடனோ பேசவைத்தவர் ஆபரேட்டர் அக்கா. ஓய்வு பெற்றபின் அவரைக் கூப்பிடுகிறவர்கள் கிரெடிட் கார்டு விற்கிறவர்கள்தான். அவர்களிடமும் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசிவிட்டுத்தான் வைப்பார்.

ஓய்வு பெற்ற ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து அவ்வப்போது வேனில் எங்காவது போய்வருவார்கள். ஒருமுறை சமையல்காரரை மியூசியத்தில் மறந்துவிட்டு வந்ததிலிருந்து ஜோடி முறைதான்: அவரவர் ஜோடியை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்காவின் ஜோடியான ஹெட் நர்ஸ், மகள் வீட்டோடு போய்விட்டார்.

"இனிமே டிரைவர்தான் உங்க ஜோடி," என்று எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவைத்தார்.

இந்த முறை பாலே நடனப் பள்ளிக்கூடம், பிறகு மதியச் சாப்பாடு. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. அதன் முன்னால் கட்டையைப் பிடித்தபடி சிறுமிகள் நுனிக்காலில் நின்றார்கள். டீச்சர் ஒவ்வொருத்தியிடமும் போய், முதுகில் விரல் வைத்து, பேர் சொல்லித் திருத்தினார். கடைசியில் நின்ற பொடிசை விட்டுவிடுவாரோ என்று அக்காவுக்குக் கவலை. விடவில்லை. அப்பாடா என்று திரும்பினால், கூட வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி.

ஹோட்டல் எதிர்ப்பக்கம்தான். வேனை அங்கே நிறுத்துவதற்காக டிரைவர் ஏற்கெனவே போயிருந்தார். மற்றவர்கள் ஜோடி ஜோடியாக நடந்துவிட்டார்கள். அக்காவும் எழுந்து போயிருக்கலாம். ஆனால் ரோஷம் விடவில்லை. ஒருத்தராவது கூப்பிடட்டும் என்று போனை மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் தனியாக இருப்பது பழகிவிட்டது. கூட்டத்தோடு வந்தும் தனியாக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வகுப்பு முடிந்தது. சிறுமிகள் செருப்பு மாற்றிக்கொண்டு போனார்கள். பெருக்க வந்தவள் கேட்டாள், "பேத்தி இன்னும் வரலையாம்மா?"

"இப்போ வந்துடுவா," என்றார் அக்கா. அதற்குமேல் அங்கே உட்கார முடியுமா?

ஹோட்டலில் எல்லாரும் சாப்பாட்டை முடித்து ஐஸ்கிரீமுக்கு வந்திருந்தார்கள். "வாங்கக்கா, கை கழுவ இவ்வளவு நேரமா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"அங்க கூட்டம்," என்றார் அக்கா.

காலி நாற்காலியில் யாருடைய கைப்பையோ இருந்தது. அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, மேஜைக்கடியில் போனைப் பார்த்தார். தப்பித்தவறிச் சத்தத்தை அணைத்துவைத்து, கூப்பிட்டது கேட்காமல் போயிருக்கக் கூடாதா?

முழுச் சத்தத்தில்தான் இருந்தது.