கணக்கில் சேராத ஆட்டம்

பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. பம்புக்காரர் என்றால் உடனே தெரியும். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில், மோட்டார்கள் வரிசையாக உறுமும் கூடத்தின் ஓரத்தில், கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன அறை அவருடையது. அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பது, வால்வைத் திறப்பது, மூடுவது, பேரிங் சூடாகிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. இவைதான் வேலை. மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். தூங்கக்கூடாது. பேச ஆளில்லை, இருந்தாலும் அந்த இரைச்சலில் காதில் விழாது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். "நான் என்ன மோட்டாருக்கு அந்தப் பக்கமா நிக்கிறேன்?" என்று மனைவி கேட்பாள்.

அந்தச் சும்மா நேரத்தைத்தான் சதுரங்கம் பிடித்துக்கொண்டது. ஆடக் கற்றது பள்ளிக்கூடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனோடு. பின்னாளில் அந்த நண்பன் பேருந்து ஓட்டுநர் ஆனார். அவருடைய தங்கையைத்தான் பம்புக்காரர் கட்டிக்கொண்டார். நண்பன் மச்சான் ஆகிவிட்டாலும் வாடா போடா மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்து மாடியில் இருந்த சதுரங்கச் சங்கத்துக்கு இருவரும் ஒரே வண்டியில் போவார்கள். வருடாந்தரக் கோப்பையை மச்சான்தான் பெரும்பாலும் எடுப்பார். பம்புக்காரர் மூன்றாவதோ நான்காவதோ வருவார். மச்சானை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தமும் கிடையாது. "உன்கிட்ட தோக்குறதே ஒரு பழக்கமாப் போச்சுடா" என்று சிரிப்பார்.

முதலில் அவரிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதில் இருந்த சதுரங்கம் சுத்த மண்டு. எதை நீட்டினாலும் வெட்டிவிடும். ஒரு சிப்பாயைக் காட்டி அதன் ராணியை வெளியே இழுத்து மடக்கிவிடலாம். அறைக்குள் தனியாக உட்கார்ந்து அதை ஜெயித்து ஜெயித்து அவருக்கே அலுத்துவிட்டது. பிறகு யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த தொடுதிரை ஃபோன் ஒன்று வந்தது. அதில் இருந்த ஆட்டம் வேறு ஜாதி. நீட்டியதைத் தொடாது. சிரிக்காது, சலிக்காது, கவனம் பிசகாது. கேட்டால் பலத்தைக் குறைத்துக்கொண்டும் ஆடும். அவர் குறைக்கவில்லை. முழு பலத்தில் வைத்து ஷிப்டுக்கு ஷிப்டு தோற்றார். தோற்ற ஆட்டத்தை முதலிலிருந்து திரும்ப ஓட்டி, எந்த இடத்தில் கோட்டை விட்டோம் என்று தேடுவார். பல வருஷம் அப்படி ஓடியது. ஒருமுறைகூட அதை அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் தோற்பதற்கு அதிக நேரம் பிடிக்க ஆரம்பித்தது. அதில் அவருக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டம் மச்சானுக்கும் அவருக்கும் அமைந்தது. ஆட்டத்தின் நடுவே மச்சான் அவருடைய குதிரையைத் தாக்கினார். குதிரையைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்று சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பம்புக்காரர் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குதிரையை விட்டுவிட்டு ராஜாவை ஒரே ஒரு கட்டம் ஓரமாக நகர்த்தினார். யாரோ உச்சுக்கொட்டினார்கள். மச்சான் குதிரையை வெட்டினார். இன்னும் சில நகர்வுகள் போன பிறகுதான், தன் ராணி போக இடமில்லாமல் நடுவில் மாட்டிக்கொண்டதை மச்சான் பார்த்தார். பார்த்ததும் முகம் செத்துவிட்டது. தோற்றேன் என்று ராஜாவைப் படுக்க வைத்துக் கைகொடுத்தார். ஆனால் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை.

பம்புக்காரரோ கையை விடவே இல்லை. "மச்சான், பார்த்தியா? பார்த்தியாடா?" என்று சின்னப்பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கத்துச் செயலாளர் ஃபோன் கடை வைத்திருப்பவர். புதிதாக எது சந்தைக்கு வந்தாலும் முதலில் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். அந்த ஆட்டத்தை அவர் தன் ஃபோனில் போட்டுப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். ராஜாவை நகர்த்தச் சொல்லி அது முதலிலேயே காட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த நகர்வுகளும் ஒன்று விடாமல் ஒத்துப்போயின. இன்றைக்குக் கைக்குள் அடங்கும் ஃபோன் உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையே திணறடிக்கிறது, அது ஆடுவதை நம் ஆள் அப்படியே ஆடியிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாரையும் கேட்டார். பம்புக்காரர் ஆட்டத்துக்கு நடுவே இரண்டு தடவை கழிவறைக்குப் போய்வந்தது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அவருக்குச் சர்க்கரை; அடிக்கடி போக வேண்டியிருக்கும். ஃபோனும் பையில்தான் இருந்தது. மோட்டார் நின்றுபோனால் நிலையத்திலிருந்து அழைப்பார்கள் என்பதால் அதை எங்கேயும் வைத்துவிட்டுப் போகமாட்டார். அத்தனையும் சொன்னார். சொல்லச் சொல்ல, சொல்வதெல்லாம் சாக்குப்போக்கு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

கடைசியில் செயலாளர் ஓட்டுநரிடம் திரும்பி, உங்களுக்குத்தான் அவரைச் சின்ன வயசிலிருந்து தெரியும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

மச்சான் காய்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியல" என்றார்.

பம்புக்காரர் அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்றும், அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் ஃபோன் இல்லாமல் மச்சானோடு இன்னொரு ஆட்டம் ஆடிக்காட்ட வேண்டும் என்றும் முடிவானது. சரி என்று தலையாட்டினார்.

அந்த ஞாயிறு அவருடைய பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரவிட்டார்கள். வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடாத மனுஷன். புதிதாகக் கற்றவன்கூடச் செய்யாத தப்பைச் செய்து ராணியைப் பறிகொடுத்தார். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மச்சான் வேறு யாருடனோ கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"யார் என்ன சொன்னா என்ன? நான் நம்புறேன்ல" என்றாள்.

"நீ என்னை நம்புற. உனக்கு ஆட்டம் தெரியாதே" என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றார். அந்த ராஜா நகர்வு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தன் நம்ப வேண்டும். அப்படி ஒருத்தன்தான் இருக்கிறான். அவன் தெரியவில்லை என்கிறான். இவ்வளவும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, வேலை நேரத்தில், ராஜாவை நகர்த்துவதற்கு முன் பலகை இருந்த நிலையைத் தன் பழைய ஃபோனில் காய் காயாக அடுக்கி, நீ என்ன ஆடுவாய் என்று கேட்டார். எல்லா ஃபோனும் ஒரே அளவுக்கு ஆடாது. புதியது வெகுதூரம் பார்க்கும். பழையது கொஞ்ச தூரத்தோடு நின்றுவிடும். அவருடையது பழையது. நிறைய யோசித்தது, பின்பக்கம் சூடேறியது, கடைசியில் குதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. ராஜாவைத் தொடவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் அதே குதிரைதான். அவர் கையிலிருந்த ஃபோனுக்குத் தெரியாத நகர்வை அவர் கண்டுபிடித்திருக்கிறார். மோட்டார் இரைச்சலுக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தார்.

ஷிப்டு முடிந்ததும் நேராகப் பேருந்துப் பணிமனைக்குப் போனார். மச்சான் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கும் நேரம். படிக்கட்டிலேயே நிறுத்தி ஃபோனைக் காட்டினார்.

"இதைப் பாருடா மச்சான். இதுதான் அன்னைக்கு என்கிட்ட இருந்த ஃபோன். இதுக்கே அந்த நகர்வு தெரியல. வேணும்னா நீயே கேட்டுப் பாரு."

மச்சான் ஃபோனை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். குதிரை பின்னால் வந்தது. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப வேற ஃபோன் வச்சிருந்தியாடா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் பம்புக்காரரை உடைத்துப்போட்டது. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். தான் வந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீடுவரை நடந்தே போயிருக்கிறார். அன்றைக்கே சதுரங்கத்தையே ஃபோனிலிருந்து அழித்தார். சும்மா நேரத்தில் அழுத்தமானி முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார்.

வீடுகளுக்கு நடுவே போக்குவரத்து நிற்கவில்லை; அவர் நிற்கவிடவில்லை. மனைவி அண்ணனோடு பேசமாட்டேன் என்று வீம்பு பிடித்தபோது, "எனக்கும் அவனுக்கும் நடுவுல நடந்தது. உனக்கு அவன் அண்ணன். போயிட்டு வா" என்று அனுப்பிவைத்தார். கல்யாணம் காட்சி என்றால் அவரும் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவார். மச்சான் நலம் விசாரிப்பார், இவர் பதில் சொல்வார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதோடு சரி. இருவரும் ஓய்வு பெற்றார்கள்.

மச்சானுக்கு நுரையீரல் கெட்டுப்போனது அதற்குப் பிறகு. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே பம்புக்காரர் மனைவியோடு போனார். தலைமாட்டை உயர்த்திய கட்டிலில், மூக்கில் குழாயோடு மச்சான் பாதியாக இளைத்துக் கிடந்தார். இவரைக் கண்டதும் கையை நீட்டினார். பம்புக்காரர் பிடித்துக்கொண்டார். மச்சான் பேச வாயெடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மாப்ளே, அந்த ஆட்டம்..."

பம்புக்காரர் குனிந்தார். இத்தனை வருஷமாகக் காத்திருந்தது வரப்போகிறது என்று நினைத்தார். மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

"அதை நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்டா. நீ மனசுல வச்சுக்காத."

மனைவி ஏதோ சொல்ல முன்னால் வந்தாள். பம்புக்காரர் இன்னொரு கையால் அவளைத் தடுத்தார்.

"சரிடா மச்சான்" என்றார். "நீ பேசாத. மூச்சு வாங்குது."

மச்சான் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. தூங்கும்வரை பம்புக்காரர் குனிந்த நிலையிலேயே நின்றார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் மனைவி குமுறிவிட்டாள். "ஏன் சரின்னீங்க? அப்ப நீங்க செஞ்சதா ஆயிடுச்சே."

"ஆயிட்டுப் போகட்டும்" என்றார். "மூச்சு விடவே முடியாம கிடக்குறான். அவன்கிட்டப் போய் வழக்காடவா?"

அந்த வாரமே மச்சான் போய்விட்டார். சாவு வீட்டுக்குச் சங்கத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஃபோன் கடைக்காரர் பம்புக்காரரின் தோளில் கைவைத்து, உங்களைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, பெரிய மனசு என்றார். ஆமாம் என்று பம்புக்காரர் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவரால் நடக்க முடியவில்லை. மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மச்சானுக்காக அழுகிறார் என்று தெருவில் போனவர்கள் நினைத்தார்கள். அதற்காகவும்தான் அழுதார்.