லோஷினி டாக்டர் இல்லை

ஜொகூரில் சாஆ என்ற சிற்றூரில் செம்பனை லாரி ஓட்டிய தங்கராஜுவின் ஒரே மகள் லோஷினி. உதவித்தொகை கிடைத்து, அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனாள். உயிர்வேதியியலும் உயிர் இயற்பியலும் சேர்ந்த படிப்பு. கூடவே தத்துவம், வரலாறு என்று பிடித்ததையும் எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான். ஒரு புரதம் எப்படி மடிகிறது, எங்கே பிசகினால் செல் கெடுகிறது என்பதிலேயே கடைசி ஆண்டு முழுக்க மூழ்கிக் கிடந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை.

தங்கராஜுவோ ஊரெல்லாம், “பாப்பா டாக்டருக்குப் படிக்குது,” என்று சொல்லி வைத்திருந்தார்.

“இது டாக்டர் படிப்பு இல்லப்பா,” என்று போனில் அலுத்துப்போகும்வரை சொல்லிப் பார்த்தாள்.

“எல்லாம் ஒண்ணுதான் லா,” என்று சிரித்தார்.

படிப்பு முடிந்து வந்தவளுக்கு ஜொகூரில் படிப்புக்கேற்ற வேலை அமையவில்லை. அந்தக் கல்லூரியின் பெயரை நேர்காணலில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. கடைசியில் காஹாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், எண்ணெயின் தரம் பார்க்கும் வேலைதான் கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் செல்லம் அத்தை தயங்கித் தயங்கி வந்தார். மார்பில் ஒரு கட்டி. லோஷினியின் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். கல் மாதிரி இருந்தது.

“அத்தை, நான் டாக்டர் இல்ல. நாளைக்கே கிளினிக் போங்க. தள்ளிப் போடாதீங்க.”

செல்லம் முகம் வெளிறி வெளியே போனார். தங்கராஜு வாசல் வரை கூடப் போனார்.

அதன்பின் செல்லம் கண்ணில் படும்போதெல்லாம், “கிளினிக் போனீங்களா?” என்று கேட்டாள். “போறேன்மா,” என்பார். சில மாதங்களில் அவரைச் சிகாமாட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோய் எலும்பு வரை போயிருந்தது. பார்க்கப் போன லோஷினியிடம் செல்லம் சொன்னார்: “பயப்பட ஒண்ணுமில்லன்னு நீ சொன்னதா அப்பா சொன்னாரே.”

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க நடுங்கிட்டு நின்னாங்க. உனக்குத் தெரியலன்னு நான் எப்படிச் சொல்றது?” என்றார்.

“எனக்குத் தெரிஞ்சுதான்பா போகச் சொன்னேன்!”

அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

செல்லத்தின் சாவு வீட்டில் மகன் விஜயன் அவளை மறித்தான். “எங்கம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னியா?”

தங்கராஜு பக்கத்தில்தான் நின்றார். அவர் பேசுவார் என்று லோஷினி காத்திருந்தாள். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லல அண்ணே. நான் டாக்டரே இல்ல.”

“அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போய்ப் படிச்ச?”

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது அப்பா வீட்டை விட்டு, சிங்கப்பூர் எல்லைப் பக்கம் உலு திராமில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். சிங்கப்பூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. விடியுமுன் பஸ் ஏறவேண்டும். அப்பா போன் செய்தால் எடுக்கிறாள். சாப்பிட்டீங்களா, மருந்து இருக்கா என்று கேட்கிறாள். தீபாவளிக்கு வரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.