பேசிய பிறகு திருத்தம்

மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. என் ஆங்கிலத்திலும் அதையே செய்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளருடன் வாராந்திர அழைப்பு தொடங்கியதும், பேச வேண்டிய வாக்கியத்தை நோட்டில் எழுதி, நவுன், வெர்ப், பிரிபொசிஷன் என்று ஒவ்வொரு சொல்லையும் சரிபார்ப்பேன். முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

எங்கள் டீம் லீட் திருவனந்தபுரத்தின் பழவங்காடியில், பிள்ளையார் கோயில் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் மலையாளம் கலக்கும். ஒருநாள் அவர் பொறுமை இழந்தார்.

"எந்தா மோளே, பிள்ளையாருக்கு வச்ச கொழுக்கட்டை எல்லாம் உன் வாயிலயா கிடக்கு? அடுத்த வாரம் டெமோவ நீ பண்ணலைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவேன், கேட்டோ."

நான்கு மாதம் நான் உழைத்த மென்பொருளை வாடிக்கையாளருக்கு இயக்கிக் காட்டும் அழைப்பு அது. "நானே பண்றேன் சேச்சி" என்றேன்.

அன்று வீடு திரும்பும்போது தம்பானூர் பேருந்தில் யோசித்தேன். பிழையே இல்லாத மென்பொருளுக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. ஓடவிட்டு, அகப்படும் பிழைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம். என் ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் தொடங்கினேன். மூன்று கட்டங்கள்: நான் சொன்னது, சொல்லியிருக்க வேண்டியது, எந்த வகைச் சொல். பேசுவதற்கு முன் எதையும் எழுதக் கூடாது என்பது ஒரே விதி.

டெமோ அன்று நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இருபது நிமிடம் பேசினேன். இரண்டு இடத்தில் திக்கினேன், நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் கேட்டதெல்லாம் மென்பொருளைப் பற்றித்தான்.

மதியம் டெமோவின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டு, என் தப்புகளைப் பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தபோது லீட் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை தப்பு?"

"பதினொண்ணு, சேச்சி. ஏழு பிரிபொசிஷன்."

"சரி, அடுத்த டெமோவும் நீயே பண்ணு."

பட்டியலில் அந்த ஏழு பிழைகளையும் முதலில் திருத்த வேண்டியவை என்று குறித்தேன்.