கண்ணாடி பார்த்துச் சொன்னவள்

எட்டு வயதில் எனக்கு மானிப்பாயில் ஒரு பதவி இருந்தது. சம்பளமில்லாத பதவிதான். ஆனால் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்பாவும் சின்ன மாமாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து படம் பிடிப்பவர்களின் கூட்டம் ஒன்று வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு கமரா இருந்தது. நல்ல லென்ஸ் வாங்கத் தனியே ஒருவருக்கும் வக்கில்லை. ஆகவே எல்லோரும் சேர்ந்து நீளமான லென்ஸ் ஒன்றை வாங்கி, தேவைப்பட்டவர் கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். எங்களுடையது கல்வீடு, அப்பா கந்தோரில் உத்தியோகம் பார்ப்பவர் என்பதால் லென்ஸ் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதற்கென்று காற்றுப்புகாத பெட்டி, உள்ளே வறுத்த அரிசிப் பொட்டலம். ஈரம் பட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அப்பாதான் மற்றவர்களுக்கு வகுப்பு எடுப்பார்.

லென்ஸ் கைமாறும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்து, "சுத்தம்" என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதன் பிறகு வரும் பழுதெல்லாம் கொண்டுபோனவரின் தலையில். பெரியவர்கள் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதால் அந்த வேலை என்னிடம் வந்தது. "பிள்ளையின்ரை கண்ணுக்கு ஒண்டும் தப்பாது" என்பார் அப்பா. பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

சின்ன மாமா அம்மாவின் தம்பி. அச்சுவேலியில் தகரக் கூரை வீட்டில் இருந்தார். மற்றவர்களுக்குப் படம் எடுப்பது பொழுதுபோக்கு. மாமாவுக்கு அதுதான் சோறு. கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானதும் செய்யும் சாமத்திய வீடு என்று அப்போதுதான் நாலு பேர் அவரைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அந்த லென்ஸ் இல்லாவிட்டால் கூப்பிட ஆளில்லை.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அப்பா லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து, பட்டுத்துணியில் சுற்றி, சாமியறையில் கும்பத்துக்குப் பக்கத்தில் என் புத்தகங்களின் மேல் வைத்தார். கும்பத்தடியில் நவதானியம் முளைவிட்டு மண் ஈரமாக இருந்தது. விஜயதசமியன்று நான் புத்தகங்களை எடுத்தேன். அப்பா லென்ஸை எடுக்க மறந்துபோனார். ஐப்பசி மழையில் ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை. கார்த்திகையில் மாமா வந்து கேட்ட அன்றுதான் அம்மா அதைத் தேடி எடுத்தார். பட்டுத்துணி நொசநொசவென்று இருந்தது. அதை உடனே தோய்க்கப் போட்டார்.

மாமாவுக்கு அடுத்த நாள் ஒரு கலியாணம். அவர் தெருப் படலையடியில் மோட்டார் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் நின்று லென்ஸுக்குள் பார்த்தேன். ஒரு மூலையில் மெல்லிய வெள்ளை நூல்கள், அரசிலை நரம்பு போலப் பிரிந்து பிரிந்து போயின. பார்த்துக்கொண்டே இருக்கலாம், சரியான வடிவு.

"அப்பா, உள்ளுக்கை வெள்ளை நூல் மாதிரிக் கிடக்கு."

அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "உது லென்ஸின்ரை வேலைப்பாடு. சுத்தம் எண்டு சொல்லு" என்றார். நான் படலைவரை கேட்கும்படி "சுத்தம்" என்று சொன்னேன். மாமா வந்து தானும் ஒருக்கால் பார்க்கக் கை நீட்டினார்.

"பிள்ளை சொல்லிப்போட்டுது. பிறகென்ன, எங்களிலை நம்பிக்கை இல்லையோ?" என்றார் அப்பா. மாமா கையை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா முகம் கறுத்துப்போய் வந்தார். கலியாணப் படங்கள் எல்லாம் பனிப்புகார் மூடியதுபோல விழுந்திருந்தன. கூட்டத்தில் ஒருவர் டோர்ச் அடித்துப் பார்த்து, பூஞ்சணம் என்றார்.

"நான் கொண்டுபோகேக்கையே இருந்திருக்க வேணும், அத்தான். ஒரு கிழமையிலை உவ்வளவு பிடியாது" என்றார் மாமா.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "அண்டைக்கு நீதானே பாத்தனி? பூஞ்சணம் இருந்ததோ?"

எனக்குத் தெரிந்த பூஞ்சணம் பழைய பாண் துண்டில் பச்சையாகப் பிடிப்பது. டோர்ச் அடித்துப் பார்த்த லென்ஸை இந்த முறை என் கையில் ஒருவரும் தரவில்லை. "இல்லை, சுத்தமா இருந்தது" என்றேன், உண்மை சொல்லும் பிள்ளையின் நிமிர்வோடு.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற அம்மா அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். "தகரக் கூரைக்குக் கீழை வைச்சா உப்பிடித்தான்" என்றார் ஒருவர். இனி மாமாவுக்கு லென்ஸ் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கொழும்புக்கு அனுப்பித் துடைப்பித்து மற்ற நால்வரும் அதை வைத்துக்கொண்டார்கள். மாமா கமராவை விற்றுவிட்டு, சவர்க்காரம் செய்யும் இடமொன்றில் வேலைக்குப் போனார்.

வளர்ந்த பிறகு நான் சொந்தமாக லென்ஸ் வாங்கப் போன கடையில், பூஞ்சணம் பிடித்தது எப்படி இருக்கும் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே அதே வெள்ளை நூல்கள். அன்றைக்கு அப்பாவின் மேல் வந்த வெறுப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னர், எனது பன்னிரண்டாம் வயதில், என் சாமத்திய வீட்டுக்கு மாமா வந்தார். தாய்மாமன் வராமல் முடியாதே. தேங்காய் உடைத்துவிட்டு வெறுங்கையோடு ஒதுங்கி நின்றார். அப்பா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். அந்த லென்ஸ் பூட்டிய கமராவை நீட்டி, "மச்சான், உன்ரை கையாலை குடும்பப் படம் ஒண்டு எடுத்துவிடு" என்றார்.

மாமா வாங்கவில்லை. "முதல்லை பிள்ளை பாத்துச் சொல்லட்டும், அத்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தின் மற்ற மூவரும் சிரித்தார்கள். மாமாவின் கோபம் ஆறிவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை. சேலையும் நகையுமாக லென்ஸை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தேன்.

"சுத்தம்" என்றேன். "ஆனா அப்பா, முந்தி மாமா கொண்டுபோகேக்கை உள்ளுக்கை கிடந்த வெள்ளை நூலைக் காணேல்லை."

சிரிப்பு நின்றது. அப்பா லென்ஸை என் கையிலிருந்து பறித்தார். மாமா என் தலையை ஒருமுறை தடவிவிட்டு, சாப்பிடாமல் படலையைத் திறந்துகொண்டு போனார்.

எங்கள் அல்பத்தில் குடும்பப் படம் இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று பிறகு அம்மாவைக் கேட்டேன். மழை வந்துவிட்டது என்றார். அன்று நல்ல வெயில் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அம்மாவுக்குத்தான் மறந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.