ஐகான்கள் நகராமல் நின்ற நாள்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குழுவில், தடுப்பூசி அறிக்கையை மாலைக்குள் அனுப்பச் சொல்லும் நினைவூட்டலுக்கும் காய்ச்சல் முகாம் படங்களுக்கும் நடுவில், "நமது செல்வராணி சிஸ்டர் இன்று காலை வேலூரில் காலமானார்" என்று ஒரு வரி. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அந்தக் கைகளுக்கு இடையில் யாரோ ஒருவர் தடுப்பூசி அறிக்கையையும் போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு, அதையும் அனுப்பித்தானே ஆக வேண்டும் என்று தோன்றியது. இந்த வேலை எங்களை அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது.

சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் ஓட்டும் குமார் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"இன்னா பண்றது, சொல்லுங்க" என்றார். உள்ளே புறநோயாளிகள் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் அவரவர் வேலைக்குப் போனோம்.

ஜவ்வாது மலையில் அவரை அறியாதவர்கள் குறைவு. அவர் கையில் பிறந்த பிள்ளைகளே இப்போது பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவருடைய பொறுமை, கைராசி பற்றியெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் அந்த நிலையத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தினமும் ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் மேலே வந்து, விவரங்களை ஏற்றிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவன். எனக்குத் தெரிந்த செல்வராணி சிஸ்டர் ஒரு கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நிற்கிறவர். நின்றபடியேதான் மவுஸைப் பிடிப்பார். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மனசு வராது என்பார். ஆகவே அந்தத் திரையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சிரிக்க வேண்டாம்.

எங்கள் டெஸ்க்டாப் படத்தில் ஒரு மலைச்சரிவு இருக்கும். அடியில், வலது மூலையில், எங்கள் நிலையத்தின் கேட். நான்தான் ஒரு மழை ஓய்ந்த காலையில் போனில் எடுத்துப் போட்டேன். சிஸ்டர் அந்தச் சரிவின் மேல் கர்ப்பிணிகளை வைத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு போல்டர். அதற்குள் அவளுடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. கீழே அவள் பெயரும் ஊரும். புதிதாகப் பதிவானவள் உச்சியில் நிற்பாள். மாதம் ஏற ஏற சிஸ்டர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுப்பார். கேட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், வண்டி அனுப்பி அவளைக் கூட்டிவந்து, பிரசவத்துக்கு முன்பே தங்கவைக்கும் அறையில் படுக்கை போட்டுவிட வேண்டும். ரோடு முடிந்த பிறகும் வெகுதூரம் நடக்க வேண்டிய ஊர்கள் எங்களுடையவை. வலி எடுத்த பிறகு கூப்பிட்டால் பலமுறை தாமதமாகிவிடும்.

தேதியை வைத்து மட்டும் இழுத்திருந்தால் எனக்கும் அந்தத் திரைக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. தேதிதான் ரிஜிஸ்டரிலும் இருக்கிறது, ஆன்லைனிலும் இருக்கிறது. சிஸ்டர் ஊருக்குள் போய் வருவார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒருத்தியை மட்டும் நாலு விரற்கடை கீழே இறக்குவார். "இன்னும் நாள் இருக்கே சிஸ்டர், எதுக்கு?" என்று கேட்பேன். கணக்கு இடித்தால் எனக்குப் பிடிக்காது.

"ரிஜிஸ்டர்ல தேதி ஏறும் ஆபரேட்டரே. என் சந்தேகம் எங்க ஏறும்?" என்பார். அவருடைய சந்தேகம் மொத்தமும் அந்தத் திரையில் மட்டும்தான் இருந்தது.

அந்தத் திரைதான் நிற்க மாட்டேன் என்றது. காலையில் வந்து பார்த்தால் எல்லாப் போல்டர்களும் இடது ஓரமாக ஓடிப்போய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நிற்கும். எட்டு மாதக்காரியும் இரண்டு மாதக்காரியும் தோளோடு தோள் உரசிக்கொண்டிருப்பார்கள்.

"யாருப்பா என் பொண்ணுங்களக் கலைச்சது?" என்று வாசலிலேயே சிஸ்டர் சத்தம் போடுவார். லேப்காரர் மேல் சந்தேகம், பெருக்க வரும் அம்மா மேல் சந்தேகம், கடைசியில் என் மேலும் சந்தேகம். பிறகு நின்றபடியே ஒவ்வொருத்தியாக இழுத்து வைப்பார். முகாம் போய் வந்த களைப்பில், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நினைவிலிருந்து இழுத்து வைப்பார். பார்க்கவே எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஐகான்களைத் தானாக அடுக்கிக்கொள்ளும் வசதி ஆனில் இருந்தது. டிக்கை எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத கட்டங்களில் போய் ஒட்டிக்கொள்ளும் வசதி ஒன்றும் இருந்தது. "ரெண்டுக்கும் நடுவுல வெச்சா கட்டத்துல போய்க் குந்திக்கிறா இவ" என்று சிஸ்டர் சொன்னதால் அதையும் எடுத்தேன். சில நாள் நின்றது. அப்புறம் டாக்டரின் வீடியோ மீட்டிங்குக்காக அதே கம்ப்யூட்டரில் டிவியை மாட்டினார்கள்; மறுபடி ஓட்டம். மீட்டிங் என்றாலே எங்கள் வேலையெல்லாம் கலையும், இப்போது திரையும் கலைந்தது. டிவிக்கு வேறு லேப்டாப் வாங்கிக் கொடுக்கும்படி கேட்டு எழுதினோம். அது வந்தபோது பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஓடியது. உண்மைக் காரணம் பிளக்கில் இருந்தது. சிபியூ ஒரு பிளக்கில், மானிட்டர் வேறு போர்டில். சாயங்காலம் பெருக்கும் அம்மா கரண்டை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில் மானிட்டர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். மலையில் கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் சிபியூ தானாக எழுந்துகொள்ளும். எதிரே மானிட்டர் இல்லை என்றதும், திரை சின்னது என்று அதுவாகவே முடிவு கட்டி, எல்லாப் போல்டரையும் அந்தச் சின்ன இடத்துக்குள் திணித்துவிடும். இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது சிஸ்டர் என்னைப் பாராட்டவில்லை. "இதுக்கா ஒரு வருசம்?" என்றார். மானிட்டரை முதலில் போட்டு, படம் வந்த பிறகு சிபியூவைப் போட வேண்டும் என்று சட்டம் போட்டோம். கூடவே, அடுக்கைச் சேமித்துவைத்து ஒரு பட்டனில் திருப்பித்தரும் சின்ன மென்பொருள் ஒன்றையும் ஏற்றினேன்.

சிஸ்டருக்கு அந்தப் பட்டன் மேல் நம்பிக்கை இல்லை. "கடைசியா எப்ப சேமிச்சமோ அன்னிக்கு இருந்த நெலமதானே திரும்பி வரும்? அதுக்குள்ள ஒருத்திக்குக் கால் வீங்கியிருந்தா?" என்று கேட்டார். அதனால் எவளையாவது நகர்த்தினால் உடனே சேமிக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம்.

இதற்குள் அவருக்கே உடம்புக்கு முடியாமல் போனது. வயிற்றில் புற்று. ஊரையெல்லாம் பரிசோதனைக்கு அழைத்தவர் தன் வலியை வாயுத்தொல்லை என்று சொல்லி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் அவர் மேல் அந்தக் கோபம் போகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கலசப்பாக்கத்திலிருந்து அவர் தம்பி கார் கொண்டுவந்து, வேலூருக்குக் கூட்டிப்போனார். நான் அதற்கு முன்பே பஸ் ஏறியிருந்தேன்.

ஞாயிறு இரவு நல்ல மழை, கரண்ட் இல்லை. திங்கள் காலை என் பஸ் தாமதம். மாற்றுப் பணிக்கு வந்த புது சிஸ்டர், வேலை தொடங்கட்டுமே என்று கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். மானிட்டர் சட்டம் அவருக்குத் தெரியாது. எல்லாம் ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. பட்டனைப் பற்றி யாரோ சொல்லியிருந்ததால் அழுத்தியிருக்கிறார். நான் நுழைந்தபோது போல்டர்கள் சரிவில் அழகாக நின்றன.

"நானே சரி பண்ணிட்டேன் சார்" என்றார் சந்தோஷமாக. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

டீ வந்த நேரத்தில் வேலூரிலிருந்து போன். "இன்னாங்க ஆபரேட்டரே, அடியில யார் யார் கீறாங்க? படிங்க."

படித்தேன்.

"பாக்கியம்?"

பாக்கியம் நெல்லிக்காட்டூர்க்காரி, தலைப்பிரசவம். "அவங்க மேல இருக்காங்க சிஸ்டர்."

"மேலயா? கெளம்பும்போது கேட்டு வாசல்ல இழுத்து வெச்சனே! வண்டி நிக்குதுன்னு சேமிக்காம வந்துட்டேன். எவன்டா அவள மேல ஏத்துனது?"

"தேதிக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல..."

"தேதி கெடக்கட்டும். அவ மூஞ்சி எனக்குச் சரியாப் படல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

புது சிஸ்டரால் பிரசவ அறையை விட்டு நகர முடியவில்லை. குமாருடன் நான் போனேன். ரோடு முடிந்த இடத்தில் இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தோம். பாக்கியம் வாசலில் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. தலைவலி என்றாள். கண் மங்குது என்றாள். "அறுப்பு முடியட்டும் சார், நாங்களே கூட்டியார்றோம்" என்றான் புருஷன்.

"சிஸ்டர் வரச் சொன்னாங்கம்மா" என்றேன்.

"எந்த சிஸ்டரு? செல்வராணி அம்மாவா? அவங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்கன்னு சொன்னாங்களே!"

"அங்கருந்துதான் சொன்னாங்க."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய் ஒரு புடவையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊர்க்காரர்கள் மூங்கில் கழியில் போர்வையால் டோலி கட்டித் தூக்கிவந்தார்கள். புருஷனும் அரிவாளைப் போட்டுவிட்டு ஒரு முனைக்குத் தோள் கொடுத்தான். நிலையத்தில் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. டாக்டர் கையில் ஊசியோடு தயாராக இருந்தார். திருவண்ணாமலைக்கு அனுப்பினார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. அந்த வலிப்பு சாமைக் கொல்லையில் வந்திருந்தால் என்று நினைத்து நான் மருந்து அறைக்குள் போய் அழுதேன்.

சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். "அவ போல்டர எடுத்துறாதீங்க. கொழந்தையோட வூட்டுக்குப் போவட்டும், அப்புறம் எடுக்கலாம்" என்றார். பிறகு, "இப்ப இருக்கறத சேமிச்சீங்களா?" என்று அதட்டினார்.

கடைசியாகப் பார்த்தது வேலூரில். ஆளே பாதியாகியிருந்தார். சிபியூவையும் மானிட்டரையும் ஒரே போர்டில் மாட்டிவிட்டேன், இனி ஓடாது என்று பெருமையாகச் சொன்னேன். "நல்லது" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "சலிப்பா கீது ஆபரேட்டரே. ஒருத்திய எறக்கி வெச்சா, மேல இன்னொருத்தி வந்து நிக்கிறா. முடியவே முடியாது போல." வேலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த வார்த்தையே கூட வந்தது. எனக்கும் அந்தச் சலிப்புதான்; அவர் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னார்.

காரியம் முடிந்து வந்த மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டேன். எதுவும் ஓடவில்லை. ஒவ்வொருத்தியும் சிஸ்டர் கடைசியாகச் சொல்லி வைத்த இடத்தில் அப்படியே நின்றாள். எது நிற்கவில்லை என்று இத்தனை காலம் திட்டு வாங்கினேனோ அது நின்றுவிட்டது. பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் வந்தது. ஊரில் அந்தப் பெண்களுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. திரையில் ஒருத்தியும் இறங்கவில்லை. பாதிச் சரிவில் நிற்கிறவள் உண்மையில் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் அவர்களை நிற்கவைக்கத் தெரிந்தவன். இறக்கத் தெரிந்தவர் போய்விட்டார்.

"சார், இத பேர் வரிசையில போட்டுடலாமா? தேட சுலபமா இருக்கும்" என்று புது சிஸ்டர் கேட்டார்.

"வேணாம்மா" என்றேன். குரல் ஏறிவிட்டது. பிறகு உட்காரவைத்து, பாக்கியம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றதன் அர்த்தம் என்ன, அவளை மேலே ஏற்றியதன் அர்த்தம் என்ன என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

செல்வராணி சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். பொறுமை இல்லை, அது எனக்கு எப்போதும் வராது. ஒரு கர்ப்பிணியைப் பார்த்து ஒரு சிஸ்டருக்குச் சந்தேகம் தட்டினால், அந்தச் சந்தேகத்துக்குக் கணக்கு கேட்காமல் இருப்பது ஒன்றுதான்.

போன வாரம் புது சிஸ்டர் முதன்முறையாகத் தனியாக ஊர்களுக்குப் போய்விட்டு வந்தார். செருப்பெல்லாம் சேறு. நேராக என் மேஜைக்கு வந்து, நின்றபடியே மவுஸைப் பிடித்தார். ஏழாம் மாதத்துப் பெண் ஒருத்தியைச் சரிவின் பாதியிலிருந்து கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டார். நான் கேட்கப்போகிறேன் என்று நினைத்து, "ஏன்னு தெர்லங்க சார்" என்று அவராகவே சொன்னார்.

நான் சேமித்துவிட்டு, வெளியே போய்க் குமாரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.