மொன்றியல் பனியில் செபஸ்தியார்

2004 ஜனவரி, சனிக்கிழமை காலை ஏழரை மணி. ரொறன்ரோவில் மொன்றியல் பஸ்ஸுக்குள் ஏறும்போதே எனக்குப் பயம். ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் தூரம். போய்வரத் தொண்ணூற்றெட்டு டொலர். பெட்டியை நிறுத்துப் பார்த்தார்கள், நல்ல காலம் பயத்தை நிறுக்கவில்லை.

நான் போனது காவல் வேலைக்கு. என் சிநேகிதன் அருளப்பு மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். நவம்பரில் அவனுக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியார் பெருநாள். புனிதரின் சொரூபத்தை வைத்துத் தோளில் சுமக்கும் கூட்டின் முன் வலது தூக்குக் கொம்பு பதினொரு வருடமாக அவனுடையது. அவன் மனைவி ஜெசிந்தா எனக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, நான் சொன்னால் கேக்கிறாரில்லை. நீங்கள் வந்து பகிடி விட்டெண்டாலும் ஆளைத் தடுங்கோ.”

இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போகிறவனைக் காவலுக்குக் கூப்பிட்டவள் உலகத்தில் இவள் ஒருத்திதான்.

பிற்பகல் இரண்டேகால். மொன்றியலில் இறங்கியதும் மூக்குமயிர் உறைந்தது. சைபருக்குக் கீழே இருபத்துநாலு. பார்க் எக்ஸ்ரென்சனில் அவர்கள் வீடு மூன்றாம் மாடி. வெளிப்புற இரும்புப் படியெல்லாம் ஐஸ். நாலு காலில் ஏறினேன். கதவைத் திறந்தது அருளப்புதான்.

“வாடா காவல்காரா,” என்றான். இரகசியம் ஏற்கெனவே உடைந்திருந்தது.

ஆறு மணிக்குப் புட்டும் மீன்குழம்பும். சாப்பிட்டுக்கொண்டே அருளப்பு தன் வழக்கைத் தொடங்கினான்.

“மச்சான், செபஸ்தியார் ஆர்? ரோமைச் சக்கரவர்த்தியின்ரை மெய்க்காவல் படையில பெரிய ஆள். உள்ளுக்கை வேதக்காரன். சிறையில கிடந்த கிறிஸ்தவர்களுக்கு ஒளிச்சு ஒளிச்சு உதவி செய்தவர். பிடிபட்டார். மரத்தில கட்டி அம்பாலை எய்தாங்கள். செத்திட்டார் எண்டு விட்டிட்டுப் போனாங்கள். சாகேல்லை! காயம் மாறினதும் ஓடினவரே? நேரை போய் அரண்மனைப் படியில நிண்டு, நீ செய்யிறது அநியாயம் எண்டு சக்கரவர்த்தியின்ரை முகத்துக்கு நேரை சொன்னவர்!”

“சொல்லி?” என்று நான் கேட்டேன்.

“பொல்லாலை அடிச்சுக் கொன்று போட்டாங்கள்,” என்றாள் ஜெசிந்தா. “அதோடை கதை முடிஞ்சுதெண்டு சொல்லுவீங்கள். அதுக்கு முதல், அம்பு பட்டுக் கிடந்தவரை அடக்கம் செய்யப் போன இரேனி எண்ட விதவைதான் உயிர் இருக்கெண்டு கண்டு, வீட்டை கொண்டுபோய், ஒவ்வொரு அம்பாப் பிடுங்கி மருந்து கட்டினது. அவ பட்ட பாட்டை எந்தப் பிரசங்கத்திலயாவது சொன்னவையே?”

அருளப்பு புட்டைப் பிசைந்தான். நான் மீன் முள்ளை மிகக் கவனமாகத் தேடினேன்.

ஞாயிறு, பத்து மணி. பிரெஞ்சுக்காரரின் பழைய கோவில்; மாதம் ஒரு ஞாயிறு எங்கள் ஆட்களுக்குப் பூசை. பூசை மட்டும்தான் என்று அருளப்பு சத்தியம் செய்து வந்திருந்தான். கடைசிப் பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கை காலி. வாசலில், கூட்டுக்குக் கீழே, கொம்பில் தோளை வைத்துக் குனிந்து நிற்கிறான்.

“டேய், விடடா!” என் குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது.

“செபஸ்தியார் வீட்டிலையே படுத்திருந்தவர்?” என்றான்.

திருவிழாவை நடத்துகிற மூப்பர் கையைப் பிசைந்தார். ஜெசிந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கைப்பையை என் கழுத்தில் மாட்டினாள். புருஷனின் தோளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தன் தோளை வைத்தாள்.

“பிள்ளை, பொம்பிளையள் கூடு தூக்கிற வழக்கமில்லை,” என்றார் மூப்பர்.

“பத்துக் கிழமையா ராப்பகலா இவரைப் பாத்தது வழக்கமே, மூப்பர்? நான் தூக்கிறன். இல்லாட்டி கூடு இஞ்சையே நிக்கட்டும்.”

தமிழ் தெரியாத பிரெஞ்சுப் பாதிரியார் கையைத் தேய்த்துக்கொண்டு, “அலோன்சி, அலோன்சி!” என்றார். போவோம், போவோம். மேலிடத்து உத்தரவு கிடைத்துவிட்டது.

இடது கொம்புக்காரன் ஆறடி. ஜெசிந்தா ஐந்தடி. கூடு சரியும். சுற்றிப் பார்த்தார்கள். அவள் உயரத்துக்கு அங்கே ஒரே ஒரு ஆண்பிள்ளைதான் இருந்தான்: பெண்களின் கைப்பையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்ற நான்.

நாலு தெருவையும் சுற்றினோம். மேலே செபஸ்தியார் இடுப்புத் துண்டோடு. கீழே நான் மூன்று ஜக்கெற்றோடு. நடுங்கியது நான்தான். பல்கனியில் சிகரெட் பிடித்த ஒருவர், மேலே நிற்கிறவருக்குக் குளிரவில்லையா என்று பிரெஞ்சில் கத்தினார். மூன்றாம் மூலையில் என் கால் வழுக்கியது.

“அண்ணை, விழுறதெண்டால் அங்காலை விழுங்கோ,” என்றாள் ஜெசிந்தா, மூச்சு வாங்க.

பின்னால் மெழுகுதிரியோடு வந்த அருளப்பு பக்கத்தில் வந்தான். “முழங்காலை மடக்கி நட. பாரம் தோளில இருக்கவேணும்.”

“தெரியும். வாயை மூடிக்கொண்டு வாங்கோ.”

அவன் வாயை மூடினான். கோவில் வாசல் வரை அவளை விட்டு ஓரடி விலகவில்லை.

திங்கள் காலை பஸ் நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். அவள் தோளில் வலி மருந்து மணத்தது.

“அடுத்த வருசம் கொம்பு எனக்கு,” என்றான் அருளப்பு.

“அடுத்த வருசம் உயிரோடை இருங்கோ. பேந்து கதைப்பம்,” என்றாள்.

பஸ் புறப்பட்டது. ரொறன்ரோவில், எங்கள் ஸ்காபுரோவில், பெருநாளன்று சொரூபத்தைச் சில்லு பூட்டிய மேசையில் வைத்து, சூடேற்றிய மண்டபத்துக்குள் ஒரு சுற்று உருட்டுவோம். பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு வருவார்கள். அந்த மேசைக்கு எண்ணெய் விடுவது என் பொறுப்பு. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, வெளியே தெருவுக்குப் போவோம், தோளில் தூக்குவோம், தூக்க விரும்புகிற பெண்களும் தூக்கட்டும் என்று சொல்லப் போகிறேன். குரல் கீச்சிடும். “இரும் ஐயா!” என்று யாராவது அதட்டுவார்கள்.

இருக்கமாட்டேன்.